செயின் ஜிம்மில் டிரெய்னர் வேலை: உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

விருதை_வினோ | ஞாயிறு இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) முடித்து எட்டு மாதம் ஆகிறது. வயது 23. ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய செயின் ஜிம்மில் ஃப்ளோர் டிரெய்னராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் 18,000, அதற்கு மேல் பி.டி. (பெர்சனல் டிரெய்னிங், ஒருவருக்கு மட்டும் தனியாகப் பயிற்சி) எடுத்தால் கமிஷன். "நல்லா பண்ணினா மாசம் அம்பது வரும் ப்ரோ" என்றார் இன்டர்வியூ எடுத்தவர். ஷிஃப்ட் இரண்டாக வருமாம்: காலை 5.30 முதல் 10.30, மாலை 4.30 முதல் 9.30. ஞாயிறு அரை நாள்.

ஒரிஜினல் சான்றிதழ்களை ஒரு வருடம் அவர்களிடம் கொடுத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். அதுதான் இடிக்கிறது. மாமா, "பேசாம பி.டி. வாத்தியார் பரீட்சைக்குப் படி" என்கிறார். பெரம்பூரில் தெரிந்த மாஸ்டர் ஒருவர் தன் ஜிம்முக்கு வா, 12,000 தருகிறேன் என்கிறார். எனக்கு செயின் மேல்தான் கண். உள்ளே இருந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

பிளேட்_அடுக்கி | ஞாயிறு இரவு 11.30

தம்பி, ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவன் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

இன்டர்வியூவில் உன்னை ஸ்குவாட் போட்டுக் காட்டச் சொன்னார்களா? என்னைச் சொல்லவில்லை. மேலாளர் தன் போனை என் கையில் கொடுத்து, "இந்த நம்பர் ரெண்டு மாசமா ஃபாலோ-அப்ல இருக்கு, பேசி வர வை" என்றார். அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும், எனக்கு மூன்று மாதம் ஆனது. டிரெய்னர் என்று டி-ஷர்ட்டில் எழுதியிருக்கும், ஆனால் மாதக் கடைசியில் நீ என்ன விற்றாய் என்றுதான் கேட்பார்கள். யாருடைய முதுகுவலி சரியானது என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

கமிஷன் கணக்கைச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். எங்கள் கிளையில் பி.டி. விற்பனை மாதம் ஒரு லட்சம் தொட்டால் 40 சதவீதம். தொடாவிட்டால் மொத்தத்துக்கும் 25 தான். ஒரு மாதம் 30ஆம் தேதி சாயங்காலம் நான் 96,000இல் நிற்கிறேன். அப்படியே விட்டால் 24,000. இன்னும் நாலாயிரம் விற்றால் 40,000. என்ன செய்வாய்? நான் என் மச்சான் பெயரில் மெம்பர்ஷிப் போட்டு, என் காசிலேயே ஒரு சின்ன பேக்கேஜ் வாங்கினேன். மச்சான் இருப்பது அரக்கோணத்தில். ஜிம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. இது நான் மட்டும் செய்ததில்லை. மாதக் கடைசியில் எங்கள் கிளையில் சேர்ந்த மச்சான்களை வைத்து ஒரு கபடி டீமே கட்டலாம்.

இதில் இன்னொரு ஓட்டை. விற்ற காசுக்கு கமிஷனா, எடுத்த செஷனுக்கு கமிஷனா என்று கேள். எங்களுக்கு எடுத்த செஷனுக்குத்தான், அதுவும் ஜி.எஸ்.டி. கழித்து. கிளையன்ட் 24 செஷனுக்குப் பணம் கட்டிவிட்டு ஒன்பதோடு நின்றுவிட்டால் மீதிப் பணம் கம்பெனிக்கு, நமக்கு ஒன்றுமில்லை. நீ வேலையை விட்டால் மீதி செஷன் பக்கத்து டிரெய்னருக்குப் போகும்.

பகல் 10.30 முதல் 4.30 வரை என்ன செய்வாய் என்று யோசித்தாயா? நான் அப்போது ஆதம்பாக்கத்தில் இருந்தேன். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பெட்ரோலும் வெயிலும் சேர்ந்து ஆளைத் தின்றுவிடும். முதல் வருடம் ஸ்ட்ரெச்சிங் அறையில் யோகா மேட் விரித்துத் தூங்கினோம். நாலு பேர், தலைமாட்டில் ஆளுக்கொரு மெடிசின் பால். ஏரியா மேனேஜர் ஒருநாள் சொல்லாமல் வந்து பார்த்துவிட்டு மதியம் ஏ.சி.யை அணைக்கச் சொல்லிவிட்டார். சித்திரை மாதத்தில், கண்ணாடிக் கட்டடத்தில், ஏ.சி. இல்லாமல். அப்புறம் பார்க்கிங்கில் பைக் மேல்தான் தூக்கம்.

சான்றிதழை மட்டும் கொடுக்காதே. மற்றதெல்லாம் அப்புறம்.

ஹோம்பிடி_அடையாறு | திங்கள் காலை 6.05

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் உண்மை. ஆனாலும் போ என்றுதான் சொல்வேன். நான் இப்போது வீடுவீடாகப் போய் பி.டி. எடுக்கிறேன், நாளைக்கு ஐந்து வீடு. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது செயின் ஜிம் ஃப்ளோர்தான். ரெண்டு வருடத்தில் எத்தனை விதமான முட்டி பார்த்திருப்பேன் தெரியுமா? டிஸ்க் பிரச்சினை, உறைந்த தோள், பிரசவம் முடிந்து மூன்று மாதம், பைபாஸ் முடிந்து ஒரு வருடம். கல்லூரியில் நூறு மீட்டர் ஓட்டமும் வாலிபால் கோர்ட் அளவும் சொல்லிக்கொடுப்பார்கள். ஐ.டி.யில் பத்து மணி நேரம் உட்கார்ந்து வருகிறவனின் இடுப்பை ஃப்ளோரில்தான் படிக்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. நான் விட்டபோது மூன்று கிளையன்ட் என்னோடு வந்தார்கள். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. கிளையன்டைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று ஆஃபர் லெட்டரில் எழுதியிருக்கிறதா பார்.

பழைய_கர்லா | திங்கள் காலை 8.50

நந்தனம் கல்லூரி 1920இல் ஹாரி குரோ பக் ஆரம்பித்தது. நாடு முழுக்க உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கிய இடம். அங்கே படித்துவிட்டு, "சார், இன்னைக்கு மட்டும் ஆஃபர் சார்" என்று போன் போட்டுக்கொண்டிருக்கப் போகிறாயா தம்பி?

வியாசர்பாடியில் முப்பது வருடமாக ஜிம் வைத்திருக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பட்டறையில் வார்த்த பிளேட். பையன் வந்தால் முதல் ஒரு மாதம் தண்டால், பஸ்கி, கர்லா கட்டை. பார்பெல்லைத் தொடவே விடமாட்டேன். எங்களிடம் வந்தவர்கள் ஆணழகன் மேடை ஏறியிருக்கிறார்கள், போலீஸ் செலக்‌ஷனில் போயிருக்கிறார்கள். செயினில் சேர்ந்த அன்றே டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு டிரெய்னர் போனை நோண்டுகிறான்.

டெட்லிஃப்ட்_தேவி | திங்கள் காலை 9.15

மாஸ்டர், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் ஜிம்மில் பெண்களுக்கு நேரம் உண்டா? துணி மாற்ற இடம் உண்டா?

பழைய_கர்லா | திங்கள் காலை 9.40

இல்லைம்மா. மகள் கேட்டபோதும் இடமில்லை என்றுதான் சொன்னேன். அது என் தப்புதான்.

டெட்லிஃப்ட்_தேவி | திங்கள் மதியம் 1.20

ஒத்துக்கொண்டதற்கு நன்றி மாஸ்டர். நான் ஏன் செயினில் சேர்ந்தேன் என்பதற்கு அதுதான் பதில். வேறு எங்கே வேலை கொடுப்பார்கள்?

எங்கள் கிளையில் ஒன்பது டிரெய்னர், அதில் பெண் நான் ஒருத்தி. "எனக்கு லேடி டிரெய்னர்தான் வேண்டும்" என்று வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம். கேட்க நன்றாக இருக்கும், கமிஷனும் வரும், ஆனால் லீவு கிடையாது. நான் வராத அன்று பத்து பேருக்கு செஷன் ரத்து, பத்து பேரும் மேலாளருக்குப் போன் போடுவார்கள். காய்ச்சலோடு போயிருக்கிறேன்.

ஒரு சம்பவம். காலை ஏழு மணி. 58 வயது அம்மா, சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். டிரெட்மில்லில் மெதுவாகத்தான் நடந்துகொண்டிருந்தார். திடீரென்று பேச்சு குழறியது. மேல் உதட்டில் முத்து முத்தாக வியர்வை, கை ஐஸ் மாதிரி. மாத்திரை போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். இறக்கி உட்கார வைத்து முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பாதி ரோல் பஞ்சு, காலாவதியான ஒரு ஸ்ப்ரே, யாருடையதோ லாக்கர் சாவி. என் பையில் மாம்பழ ஜூஸ் பாக்கெட் ஒன்று இருந்தது. கொடுத்தேன். பத்து நிமிடத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதன் பிறகு என் லாக்கரில் ஜூஸ் பாக்கெட் எப்போதும் இருக்கும், என் செலவில்தான்.

சேரும்போது ஏழு கேள்வி உள்ள உடல்நலப் படிவம் ஒன்று தருவார்கள், பார்-கியூ என்று. நெஞ்சுவலி உண்டா, மயக்கம் வருமா, மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்கும். அந்த அம்மாவின் படிவத்தில் ஏழுக்கும் 'இல்லை' என்று டிக். அவர் போட்டதில்லை. விற்பனை ஆள் அவசரத்தில் தானே போட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கியிருக்கிறார். வினோ, யாரைப் பயிற்றுவிக்கத் தொடங்கினாலும் அந்த ஏழையும் நீயே வாயால் கேள்.

மாதம்_எட்டு_நாள் | திங்கள் மதியம் 2.02

நான் மெம்பர் மட்டும்தான். வருட சந்தா கட்டிவிட்டு மொத்தம் 11 நாள் போனவன். என் கருத்து செல்லுமா?

பிளேட்_அடுக்கி | திங்கள் மதியம் 2.10

நீங்கள்தான் சார் எங்கள் முதலாளி. சந்தா கட்டிய அத்தனை பேரும் ஒரே நாளில் வந்தால் படிக்கட்டில்தான் நிற்க வேண்டும். நீங்கள் வராததால்தான் கரன்ட் பில் கட்டுகிறார்கள்.

முன்மேசை | திங்கள் மாலை 5.33

டிரெய்னர்களாவது டம்பெல்லைத் தொடுகிறார்கள். நான் ரிசப்ஷனில் இரண்டு வருடம் இருந்தேன். டிசம்பர் கடைசி வாரமும் ஜனவரி முதல் வாரமும் எங்களுக்குத் தீபாவளி ஜவுளிக்கடை மாதிரி. வாக்-இன் வந்தால் பெயர் எழுதி, சுற்றிக் காட்டி, உட்கார வைத்து, விலை சொல்லி, யோசிக்கிறேன் என்று எழுந்திருக்கும்போது மேலாளரிடம் 'ஸ்பெஷலாகக் கேட்டு' இரண்டாயிரம் குறைக்க வேண்டும். அந்த இரண்டாயிரம் ஏற்கெனவே ஏற்றி வைத்ததுதான் என்று எனக்கும் தெரியும், மேலாளருக்கும் தெரியும்.

நின்றுகொண்டேதான் பேச வேண்டும் என்று எங்கள் கிளையில் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2021லேயே கடை, நிறுவனச் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தியை மேலாளரிடம் போனில் காட்டினேன். "அது ஜவுளிக்கடைக்கும்மா" என்றார். ஜவுளிக்கடைக்கு மட்டும் இல்லை. கடைசியில் பைசெப்ஸ் பெஞ்ச் ஒன்றை டெஸ்க் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கிளையை மூடியபோது நடந்ததைச் சொன்னால் இழை நீளும். சுருக்கமாக: முந்தைய வெள்ளிக்கிழமை வரை எங்களை ரினியூவல் வாங்கச் சொன்னார்கள். திங்கட்கிழமை ஷட்டரில் 'பராமரிப்புப் பணி' என்று ஒரு தாள். மெம்பர்களிடம் இருந்தது கம்பெனி நம்பர் இல்லை, என் நம்பர். ஒரு மாதம் தெரியாத நம்பர் எதையும் எடுக்கவில்லை.

கிளஸ்டர்_மேனேஜர் | திங்கள் இரவு 10.48

எல்லோரும் திட்டும் ஆள் நான்தான், நானும் பேசுகிறேன். டிரெய்னராகச் சேர்ந்து ஒன்பது வருடத்தில் மேலே வந்தவன்.

ஆறாயிரம் சதுர அடி, மெயின் ரோடு வாடகை, 16 டன்னுக்குக் குறையாத ஏ.சி., மெஷின் தவணை. இவையெல்லாம் மாதம் ஒன்றாம் தேதி வந்து நிற்கும். கூட்டம் வருவது காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம். அதனால்தான் ஷிஃப்ட் பிளக்கிறது. இரண்டு செட் ஆள் போடச் சொன்னால் உரிமையாளர் என்னை மாற்றிவிடுவார். 2025 செப்டம்பர் 22இல் ஜிம் கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 சதவீதமாக இறங்கியதே, அன்று முதல் தினமும் யாராவது "அப்போ 13 சதவீதம் குறைங்க" என்று வருகிறார்கள். ஆனால் நாங்கள் வாடகைக்கும் மெஷினுக்கும் கட்டும் வரியை இப்போது கழித்துக்கொள்ள முடியாது. அந்த ஐந்து அப்படி வந்த ஐந்து. இதைக் கவுன்டரில் நின்று விளக்கிப் பாருங்கள்.

மச்சான் பேக்கேஜ் எங்களுக்கும் தெரியும். மேலே கேட்கும் எண் வந்துவிட்டதா என்றுதான் பார்ப்போம். பெருமையாகச் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை_தாம்பரம் | செவ்வாய் காலை 11.05

வினோ, நான் சம்பளப் பட்டியல் போடுகிறவன். ஆஃபர் லெட்டரில் உன் பெயருக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார். 'ஊழியர்' என்றா, 'கன்சல்டன்ட்' என்றா? பி.எஃப். பிடிக்காமல் 10 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) மட்டும் பிடித்தால் உன்னை வெளியாளாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விரல் வைத்து வருகைப் பதிவு, யூனிஃபார்ம், ஷிஃப்ட், லீவுக்கு அனுமதி எல்லாம் ஊழியருக்கு உள்ளபடி, பெயர் மட்டும் கன்சல்டன்ட்.

20 பேர் வேலை செய்தால் பி.எஃப். வரும். 'இந்தக் கிளையில் 14 பேர்தான்' என்பார்கள். ஒரே நிறுவனம் என்றால் எல்லாக் கிளையும் சேர்த்துத்தான் எண்ணிக்கை. ஃபிராஞ்சைஸ் என்றால்தான் சிக்கல், அங்கே பெயர்ப்பலகை ஒன்று, முதலாளி வேறு. யார் பெயரில் சம்பளம் ஏறுகிறது என்று கேட்டுக்கொள். 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., சம்பளம் 21,000 வரை. உன்னிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், அவர்கள் 3.25 போடுவார்கள். முட்டி போனால் கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம், உன் தொழிலில் முட்டி போகும்.

நேரம். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் என்றால் இரட்டிப்புச் சம்பளம். வேலையும் இடைவேளையும் சேர்த்து 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். உனக்குச் சொன்ன ஷிஃப்டில் வேலை மட்டும் பத்து மணி நேரம், தொடக்கத்திலிருந்து முடிவு வரை பதினாறு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்துவிட்டால் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது. அப்புறம், 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீயாக விட்டாலும் அவர்களாக அனுப்பினாலும் சம்பள பாக்கி இரண்டு வேலை நாளில் வர வேண்டும். '45 நாள் கழித்து செட்டில்மென்ட்' என்ற பழைய பாட்டு செல்லாது.

வராவிட்டால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை, பி.எஃப்.க்கு ராயப்பேட்டை. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது காகிதம்தான்.

பிளேட்_அடுக்கி | செவ்வாய் மதியம் 12.15

கணக்குப்பிள்ளை சாரை நான் ஆறு வருடம் முன்னால் சந்தித்திருக்கக் கூடாதா! 2020 மார்ச்சில் பூட்டினார்கள். ஏப்ரல் பாதிச் சம்பளம், மே முதல் ஒன்றுமில்லை. 'கன்சல்டன்ட்' என்பதால் கேட்கவும் வாயில்லை. ஆகஸ்ட் 10ஆம் தேதி தமிழ்நாட்டில் ஜிம் திறக்கலாம் என்றார்கள், ஆனால் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மட்டும். என் கிளையன்ட் ஏழு பேரில் ஐந்து பேர் ரிட்டயர்ட் ஆட்கள். இடையில் நாலு மாதம் ஸ்விக்கி ஓட்டினேன். ஒருநாள் பிரியாணி கொடுக்கப் போன வீட்டில் என் பழைய கிளையன்ட் கதவைத் திறந்தார். அவருக்கு என்னைப் பார்த்து வெட்கமில்லை, பிரியாணியை நான் பார்த்துவிட்டேனே என்றுதான் வெட்கம்.

விருதை_வினோ | செவ்வாய் இரவு 9.20

எல்லோருக்கும் நன்றி. லெட்டரை எடுத்துப் பார்த்தேன். 'ஃபிட்னஸ் கன்சல்டன்ட்' என்றுதான் இருக்கிறது. நான் அதைப் பெருமையான பதவி என்று நினைத்து அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன்.

பழைய_கர்லா | செவ்வாய் இரவு 9.31

பெரம்பூர் மாஸ்டர் எனக்குத் தெரிந்தவராக இருக்கலாம். அவரிடமும் பி.எஃப். கேள். என்னிடம் கேட்டால் நானும் இல்லை என்றுதான் சொல்வேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

விருதை_வினோ | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு மதியம் 3.15

இழையைத் தூசி தட்டுகிறேன். அந்த ஓ.எம்.ஆர். இடத்தில் ஒரிஜினல் தரமாட்டேன், ஜெராக்ஸ் தருகிறேன், ஒரிஜினலைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். ஹெச்.ஆர். இரண்டு நாள் பதிலே சொல்லவில்லை. மூன்றாம் நாள், 'சரி, வாங்க' என்றார்கள். 'கன்சல்டன்ட்' என்பதை மாற்றக் கேட்டதற்கு, ஆறு மாதம் ஆகட்டும், பார்க்கலாம் என்று வாயால் சொன்னார்கள். அதையே மெயிலில் எழுதி, "நீங்கள் சொன்னபடி" என்று அனுப்பி வைத்திருக்கிறேன். பதில் வரவில்லை.

சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. கந்தன்சாவடியில் மூன்று பேரோடு ரூம், நடந்தால் எட்டு நிமிடம். அதனால் மதியம் வீட்டுக்கு வந்து தூங்க முடிகிறது. காலையில் 4.40க்கு எழுந்தால் போதும். மூன்று கிளையன்ட் கிடைத்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு 61 வயது, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது என்று வந்தார். போன வியாழன் கையை ஊன்றாமல் எழுந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் நேராகத் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்து இன்னொரு முறை உட்கார்ந்து எழுந்தார்.

முதல் மாத டார்கெட்டில் பாதிதான். மேலாளர் எல்லோர் முன்னாலும் போர்டில் என் பெயருக்குச் சிவப்பு அடித்தார். தேவி அக்கா, ஏழு கேள்வியையும் நானே கேட்கிறேன். ஒருவர் ஐந்தாவதில் ஆமாம் என்றார், டாக்டரிடம் அனுப்பினேன், அவர் திரும்பி வரவே இல்லை. அந்த விற்பனை போனதுக்கும் சேர்த்துத்தான் சிவப்பு.

டெட்லிஃப்ட்_தேவி | ஞாயிறு மதியம் 3.40

அவர் டாக்டரிடம் போனாரா என்று ஒரு போன் போட்டுக் கேள். விற்க இல்லை, சும்மா.

பிளேட்_அடுக்கி | ஞாயிறு மதியம் 4.05

செஷன் ரிஜிஸ்டரில் கிளையன்ட் கையெழுத்து வாங்குகிறாயா? தினமும் ராத்திரி அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வை. எங்கள் கிளையில் ஒரு ரிஜிஸ்டர் மொத்தமாகக் காணாமல் போனது.

விருதை_வினோ | ஞாயிறு மதியம் 4.11

எடுக்கிறேன் அண்ணா. இன்றைக்குக் காலையில் எடுத்ததில் ஒரு கையெழுத்து குறைகிறது, சாயங்காலம் வாங்கிவிடுகிறேன். ஞாயிறு அரை நாள் என்றார்களே, அது எந்த அரை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. 4.30க்கு ஷிஃப்ட், கிளம்புகிறேன்.